பாய்லர் ஆலையும் பத்திரிகை மன்றமும்

திருச்சி கைலாசபுரத்துக்காரனான எனக்கு 1965 என்றாலே அந்த ஆண்டு எங்கள் ஊருக்கு வந்த பாய்லர் ஆலைதான். இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கான சட்டமும் அதே ஆண்டுதான் வந்தது. 1966 ஜூலை 4இல் மன்றம் அமைந்தது. நெருக்கடி நிலையில், தணிக்கை கொடிகட்டிப் பறந்தபோது, பத்திரிகைச் சுதந்திரத்தைக் காக்க வேண்டிய மன்றத்தையே அவசரச் சட்டத்தால் கலைத்தார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. 1978 சட்டம் மன்றத்தை மீட்டது.

பாய்லரைச் சான்றிதழ் இல்லாமல் ஓட்ட முடியாது. அப்படித் தடுக்கும் அதிகாரம் மன்றத்துக்கு இல்லை; எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டுமே அதிகாரம். அபராதமோ சிறையோ விதிக்க முடியாது. அதுவே சரி. 1987இல் ஒரு நகைச்சுவைச் சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியதே, தண்டிக்கும் அதிகாரம் எங்கே போய் முடியும் என்பதற்குச் சாட்சி.

நாளிதழ்ச் செய்தி தவறென்று பட்டால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். திருப்தி இல்லையென்றால், செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் மன்றத்துக்குப் புகார் அனுப்புங்கள்.