கால் பின்னிக் கிடக்கும் வீரர்
(இங்கிலாந்துப் பங்குக் கோயிற் கல்லறைகள் குறித்து ஓர் ஆராய்ச்சி)

இங்கிலாந்து நாட்டின் சிற்றூர்ப் பங்குக் கோயில்களுட் பலவற்றில், சுவரைக் குடைந்தமைத்த வளைவு மாடங்களுள், இரும்பு வளையக் கவசம் பூண்ட வீரர் மல்லாந்து கிடக்கும் சிலைகளைக் காணலாம். ‘நைட்’ என்னும் பட்டம் பெற்ற குதிரை வீரரின் நினைவாக இடைக்காலத்தில் எழுந்தவை இவை. கல்லாலும் மரத்தாலும் ஆகிய இக்கிடந்தகோலச் சிலைகளுட் பல, ஒரு காலை மற்றொரு காலின்மேற் பின்னிய நிலையின. இவற்றைப் பற்றி ஊரார் சொல்லும் கதை பல ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றே. கால் பின்னிக் கிடப்பவர் சிலுவைப் போருக்குச் சென்று மீண்டவராம்; கணுக்காலிற் பின்னியிருப்பின் ஒரு முறையும், முழங்காலிற் பின்னியிருப்பின் இரு முறையும், தொடையிற் பின்னியிருப்பின் மும்முறையும் சென்றவராம்; அவருடல் சிலைக்கு நேர்கீழே நிலவறையிற் கிடக்கின்றதாம். அவரை டெம்ப்ளர் என்னும் துறவி வீரராகவே கொள்வாரும் உளர். இக்கதை வரலாற்றொடு பொருந்தாது என்று காட்டுதல் எளிது. அஃது ஏன் பிறந்தது என்பதே நாம் விடை காண முயலும் வினாவாகும்.

முதற்கண் காலத்தை நோக்குவோம். கால் பின்னிய சிலைகள் 13ஆம் நூற்றாண்டின் நடுவில் பெருகத் தொடங்கி, 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை செய்யப்பட்டன. பாலத்தீனக் கடற்கரையில் சிலுவைப் போராளர்க்கு எஞ்சியிருந்த பெருநகராகிய அக்கோ 1291இல் வீழ்ந்தது. அதன் பின்னரும் இரு தலைமுறைக் காலம் இவ்வகைச் சிலைகள் தொடர்ந்து செதுக்கப்பட்டன. இனி, சிலுவைப் போருக்கு மிகுதியான வீரரை அனுப்பிய நாடு பிரான்சு. அந்நாட்டுக் கல்லறைகளிலோ கால் பின்னிய கோலம் மிக அரிது. செயலுக்கு அடையாளம் இக்கோலமாயின், செயல் மிக்க நாட்டில் அடையாளம் இல்லாதொழிந்தது எங்ஙனம்? டெம்ப்ளர் என்னும் கூற்றோ இதனினும் வலியற்றது. அவர் மணந்துகொள்ளா நோன்பு பூண்டவர். அவர்தம் சங்கம் 1312இல் போப்பரசரால் கலைக்கப்பட்டது. தந்தையும் மகனும் பேரனுமாக ஒரே குடும்பத்தார் குலச்சின்னம் தாங்கிய கேடயத்தோடு வரிசையாகக் கிடக்கும் சிற்றூர்க் கோயிலில், அவர் அனைவரையும் மணம் துறந்தோர் என்பது நகைப்பிற்கு இடனாகும்.

ஒரு சான்று மட்டும் ஊரார் பக்கம் நிற்பது போலத் தோன்றும். கேம்பிரிட்சையடுத்த டிரம்பிங்டன் கோயிலில் பித்தளைத் தகட்டில் வடித்த வீரர் உருவம் ஒன்று கால் பின்னிக் கிடக்கின்றது. அதற்குரியவராகக் கொள்ளப்பட்ட சர் ரோசர் டி டிரம்பிங்டன் 1270இல் இளவரசர் எட்வர்டுடன் சிலுவைப் போருக்குச் சென்றவர்; 1289இல் இறந்தவர். ஆயினும், அத்தகடு அவர் இறந்து ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகட்குப் பின் செய்யப்பட்டதென்று பிற்கால ஆய்வு நிறுவியுள்ளது. சரே மாவட்டத்து ஸ்டோக் டாபர்னன் கோயிலிலுள்ள சர் ஜான் டாபர்னனின் தகட்டுக்கும் இதுவே நேர்ந்தது. இங்கிலாந்தின் மிகப் பழைய பித்தளை உருவம் என நெடுங்காலம் போற்றப்பட்டு, 1277ஆம் ஆண்டினது என நூல்தோறும் எழுதப்பட்ட அது, 1327இல் இறந்த மகனுக்கு உரியதென இன்று கொள்ளப்படுகின்றது. ஐம்பது ஆண்டு கீழிறங்கியதனால் அதன் அழகு குறைந்ததில்லை. கேடயத்தின் நீல மெருகு இன்றும் எஞ்சியுள்ளது. நாம் கருதத்தக்கது, இவ்வுருவம் கால் நீட்டி நேரே கிடத்தலாம். ஏறத்தாழ ஒரே காலத்து எழுந்த இரு தகடுகளுள் ஒன்று பின்னியும் ஒன்று நீட்டியும் கிடத்தலின், இக்கோலம் சிற்பியர் கைவழக்கும் அக்காலத்து விருப்பமுமே என்பது பெறப்படும். கவசத்தின்மேல் அணியும் நெடிய துணி மடிப்பு மடிப்பாக விழுந்து, கிடக்கும் உடலுக்கும் உயிர்ப்புத் தோன்றுதற்கு இக்கோலம் உதவிற்று என்று கருதுகின்றோம்.

நிலவறை பற்றிய கதைக்கு எசெக்சு மாவட்டத்து டான்பரியினும் சுவையான இடம் வேறில்லை. குன்றின்மேல் அமைந்த அவ்வூர்க் கோயிலில் ஓக் மரத்தாற் செய்த மூன்று வீரர் சிலைகள் உள. மூன்றும் கால் பின்னியவை. ஒருவர் வாளை உருவுகின்றார், ஒருவர் உறையிலிடுகின்றார், ஒருவர் கைகுவித்து வேண்டுகின்றார். செயின்ட் கிளேர் என்னும் குடும்பத்தார் இவர் என்பது மரபு. 1779ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், மாடம் ஒன்றன் அருகே புதிய குழி தோண்டியபோது ஈயச் சவப்பெட்டி ஒன்று அகப்பட்டது. அதனுள் எல்ம் மரப் பெட்டி. அதனுள் மற்றொரு பெட்டி. அதனுள் நறுமண நீரில் ஊறிய மனித உடல்! நீரில் பூவும் பூண்டும் இறகும் மிதந்தன. எழுத்தோ ஆண்டோ எங்கும் இல்லை. உடனிருந்த மருத்துவர் அந்நீரைச் சுவைத்தும் பார்த்தார். கெச்சப்பும் ஒலிவக்காய் ஊறுகாய் நீரும் கலந்தாற்போன்ற சுவை என்று அவர் எழுதிய கடிதம் 1789இல் ‘ஜென்டில்மன்ஸ் மேகசின்’ இதழில் வெளிவந்தது. ஆராய்ச்சியார்வம் எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நாம் பின்பற்ற வேண்டுவதில்லை.

மேலே கால் பின்னிய சிலை இருத்தலின், கீழே கிடந்தவர் டெம்ப்ளர் என்று முடிவு கட்டப்பட்டது. ஆயின் அக்கடிதமே இம்முடிவிற்குத் தடையாகும். உடலின்மேல் கவசம் இல்லை, வாள் இல்லை, ஓரத்தில் பழம்பாணிப் பின்னல்வேலை தைத்த நார்த்துணிச் சட்டையே இருந்தது. அப்பின்னல் ‘லேஸ்’ என்று நாம் இன்று கூறுவதாயின், அஃது ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முன்னர்க் காணப்படாதது. ஆகவே உடலும் சிலையும் ஒருவர்க்கே உரியன என்று துணிய இடமில்லை. அவ்வாறே உரியன எனினும், சிலையின் கவசத்தைப் பிணத்தின்மேல் தேடுதல் பிழையாம். வீரரும் துணி சுற்றியே புதைக்கப்பட்டனர். கோலம் சிலைக்கே உரியது.

நிலவறை என்பதும் பெரும்பாலும் பிற்காலத்ததே. இடைக்காலத்தில் கோயில் தரைக்கடியில் ஒருவர்க்கு ஒரு குழியே வழக்கம். சிலையைத் தாங்கும் பெட்டி போன்ற மேடை பெரும்பாலும் உள்ளீடற்றது. தலைமுறை தலைமுறையாகச் சவப்பெட்டிகளை அடுக்கும் செங்கல் நிலவறைகள் 16, 17ஆம் நூற்றாண்டுகளிலேயே பெருகின. நகரங்களில் இவை நோய்க்கு இடமாயின என்ற அச்சத்தால், 1852, 1853ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழியே பல மூடப்பட்டன. அந்நூற்றாண்டிலேயே கோயில்களைப் புதுக்கியோர் தரையைப் பெயர்த்து ஓடு பாவி, சிலைகளை இடம் மாற்றினர். இன்று ஒரு சிலை கிடக்குமிடத்தைக் கொண்டு கல்லறையைத் தேடுதல் பல கோயில்களில் வீண்முயற்சியாம்.

அங்ஙனமாயின் சிலை எதற்கு? இறந்தோர் ஆன்மா உத்தரிக்கும் தலத்தில் துன்புறும். உயிருடனிருப்போர் வேண்டுதலால் அத்துன்பம் குறுகும் என்று அக்காலத்தார் நம்பினர். அதன் பொருட்டே நிலம் விட்டு, பூசை வைக்கக் குருவை அமர்த்தி, பலிபீடத்தின் அண்மையில் சிலையை வைத்தனர். வருவோர் கண்டு ஒரு வேண்டுதல் சொல்லவேண்டும் என்பதே அதன் பயன். வீரத்தைப் பறைசாற்றல் அதன் முதற்பயன் அன்று. சமயச் சீர்திருத்தத்தின்போது 1547ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வறக்கட்டளைகளை ஒழித்தது. ‘ஆன்மாவிற்காக வேண்டுக’ என்ற பொருள்படும் இலத்தீன் தொடர் குற்றமாகக் கருதப்பட்டது. 1643, 1644ஆம் ஆண்டுகளில் வில்லியம் டவுசிங் என்பார் கேம்பிரிட்சு, சபக் மாவட்டக் கோயில்களில் இத்தொடர் பொறித்த பித்தளைத் தகடுகளைப் பெயர்த்தெறிந்து, நாட்குறிப்பிலும் எழுதிவைத்தார். எழுத்துப் போயிற்று, உருவம் நின்றது. ஏன் கிடக்கின்றார் என்று சொல்ல ஒருவரும் இல்லாத நிலையில், எப்படிக் கிடக்கின்றார் என்பதிலிருந்தே மக்கள் விடை தேடினர். பின்னிய கால் சிலுவையாயிற்று, சிலுவை போராயிற்று. இக்கதை சீர்திருத்தத்திற்குப் பின்னரே வேரூன்றிற்று என்பதற்குக் காரணம் இதுவே என்பது எம் துணிபு.

கதையை விடுத்துச் சிலையையே நோக்கியவருள் சார்லசு ஆல்பிரடு ஸ்டாதர்டு குறிப்பிடத்தக்கார். படிந்திருந்த சுண்ணாம்பை நீக்கி, பழைய வண்ணமும் பொன்பூச்சும் வெளிப்படக் கண்டு வரைந்தவர் அவர். 1821இல் டெவன் மாவட்டத்து பியர் பெரர்சு கோயிலில், சாளர ஓவியத்தைப் படியெடுக்கையில் ஏணியினின்று வீழ்ந்து இறந்தார். அக்கோயில் முற்றத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் தொடங்கிய நூலை மனைவியும் மனைவியின் உடன்பிறந்தாரும் முடித்தனர்.

டான்பரி உடல் மீண்டும் மூடிப் புதைக்கப்பட்டது. மரவீரர் மூவரும் மாடங்களிலேயே கிடக்கின்றனர். வாளேந்திய இருவரையே காண்போர் மிகுதியும் நோக்குவர். கைகுவித்த மூன்றாமவரோ, வேண்டுதல் நின்று நானூற்றைம்பது ஆண்டு கடந்தும், குவித்த கை விலக்காது கிடக்கின்றார்.