உத்திரமேரூர்ச் சபையும் ஓதத் தெரிந்த ஆண்களும்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர், சோழர் காலத்தில் பிராமணர் சபை ஆண்ட சதுர்வேதிமங்கலம். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு (கி.பி. 919, 921) சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு), பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஆள் எடுத்த குடவோலை முறையை விவரிக்கின்றன. ஆண்களுக்குள் அதிகாரம் பங்கிடப்பட்டபோது மொழிப் புலமைக்கு என்ன விலை இருந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று கிடைப்பது அரிது.

921ஆம் ஆண்டு விதிப்படி, குடவோலையில் பெயர் எழுதக் கால் வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல் வரி கட்டும் இறைநிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, பிறருக்கு ஓதுவிக்கும் அளவுக்கு வேதப் பகுதியான மந்திர பிராமணத்தில் தேர்ச்சி ஆகியவையும் வேண்டும். ஒரு வேதம் கற்று, ஒரு பாஷ்யத்தை (உரைநூலை) விளக்கவும் வல்லவனுக்கு அரைக்கால் வேலியே போதும். படிப்பு நிலத்தில் பாதிக்கு ஈடானது. அந்தப் படிப்போ வடமொழிப் படிப்பு. உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அதன் வாசலே திறக்கவில்லை.

கணக்குக் காட்டாத வாரியக்காரர் விலக்கப்பட்டார். அவரோடு தகப்பன், மகன், மாமனார், மருமகன், அத்தை மகன், சிற்றன்னை மகன் என உறவுக்கார ஆண்களும் விலக்கப்பட்டனர். இந்த நீண்ட பட்டியலில் அத்தையும் சகோதரியும் மனைவியும் வருவது ஆணோடு ஆணை இணைக்கும் கண்ணியாக மட்டுமே.

ஓலை எடுப்பதில் இன்னொரு கணக்கு. விவரம் அறியாத சிறுவன் குடத்திலிருந்து ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி வாசிப்பான். பிறகு மண்டபத்தில் அமர்ந்த கோயில் பூசகர்களான நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். எழுத்தறிந்த ஒருவனை மற்ற எழுத்தறிந்தவர்கள் நம்பவில்லை, நல்ல ஏற்பாடுதான். வடமொழிப் படிப்பைக் கேட்ட இந்தக் கல்வெட்டோ தமிழில் இருக்கிறது, வடசொற்கள் மட்டும் கிரந்த எழுத்தில்.

2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடி இக்கல்வெட்டைக் குறிப்பிட்டார். மேடைகளில் குடத்துக்குக் கிடைக்கும் புகழில் கால்பங்குகூடத் தகுதி விதிகளுக்குக் கிடைப்பதில்லை. அத்தகைய விதி பழங்கதையும் அல்ல: ஊராட்சித் தேர்தலில் போட்டியிடக் கல்வித் தகுதி கேட்ட ஹரியானா சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2015இல் செல்லும் என்றது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. 2016 முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்பது சட்டம்.