ஸ்டாஃபர்ட் – காஃப் பரிமாற்றம்

அமெரிக்கக் கால்பந்தின் முதன்மைத் தொடரான என்.எஃப்.எல்.-இல் டெட்ராய்ட் லயன்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் ஆகிய இரு அணிகளும் தங்கள் குவார்ட்டர்பேக்குகளை 2021-இல் கைமாற்றிக்கொண்ட ஒப்பந்தம். மேத்யூ ஸ்டாஃபர்ட் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார். ஈடாக, ஜாரெட் காஃபும் மூன்று வீரர் தேர்வு உரிமைகளும் டெட்ராய்ட்டுக்கு வந்தன: 2021-இன் மூன்றாம் சுற்றில் ஒன்று, 2022, 2023 ஆண்டுகளின் முதல் சுற்றுகளில் ஒவ்வொன்று. ஜனவரி 30 அன்று பேசி முடித்த இந்த ஏற்பாடு மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. யாருக்கு லாபம் என்ற கேள்விக்கு ரசிகர்கள் சொன்ன பதில் அடுத்த மூன்றாண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தலைகீழானது. இந்தப் பரிமாற்றத்தைப் பற்றி எழுத வேண்டியதில் பாதி அந்த வாதத்தைப் பற்றியதுதான்.

பின்னணி

அமெரிக்கக் கால்பந்தில் ஏறத்தாழ ஒவ்வொரு தாக்குதல் நகர்வும் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்தே தொடங்குகிறது. பந்தை யாருக்கு எறிவது, எப்போது எறிவது, எறியாமல் ஓடுபவரிடம் கொடுத்துவிடுவதா என்பதையெல்லாம் ஓரிரு நொடிகளில் முடிவு செய்பவர் அவர். அணிக்கு 11 பேர் களத்தில் நின்றாலும் வெற்றி தோல்விக் கணக்கு இவர் ஒருவர் பெயரில்தான் எழுதப்படுகிறது. நல்ல குவார்ட்டர்பேக் கிடைத்த அணி அவரைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் விடாமல் வைத்துக்கொள்ளும். நன்றாக ஆடிக்கொண்டிருப்பவரை விற்பது அரிது. விற்றால் ஊர் இரண்டுபடும்.

டெட்ராய்ட்டுக்கு இது தெரியாத வலியல்ல. 1952, 1953, 1957 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்ற லயன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் பாபி லேன். 1957 இறுதிக் கட்டத்தில் கால் முறிந்து அவர் உட்கார்ந்துவிட, டோபின் ரோட் அந்தப் பட்டத்தை முடித்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் லேனைப் பிட்ஸ்பர்க் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் 50 ஆண்டுகளுக்கு இந்த அணி வெல்லாது என்று அவர் சபித்துவிட்டுப் போனதாக ஒரு கதை உண்டு. அவர் அப்படிச் சொன்னதற்கு நம்பத்தகுந்த பதிவு கிடையாது. ஆனால் சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2008-இல், லயன்ஸ் 16 ஆட்டங்களில் 16-ஐயும் தோற்றது. அதுவரை எந்த அணிக்கும் நேராத கதி. ரசிகர்கள் காகிதப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் உட்கார்ந்த காலம் அது. இப்படிப்பட்ட ஊரில் சாபக் கதைக்கு ஆதாரம் யார் கேட்பார்கள்?

அந்தத் தோல்வியின் பலனாக, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் 2009-இன் முதல் தேர்வு லயன்ஸுக்குக் கிடைத்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஸ்டாஃபர்ட்டை எடுத்தார்கள். டல்லாஸில் லேன் படித்த அதே ஹைலாண்ட் பார்க் பள்ளியில் படித்தவர் அவர்.

முதல் பருவத்திலேயே நவம்பர் 22 அன்று கிளீவ்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அவர் பெயர் ஊரில் நிலைத்துவிட்டது. நேரம் முடியும் தறுவாயில் நெடிய பந்து ஒன்றை எறிந்தபோது எதிரணி வீரர் மேலே விழுந்து இடது தோள்பட்டை மூட்டு விலகியது. கிளீவ்லாந்தின் தவறால், நேரம் முடிந்த பிறகும் லயன்ஸுக்கு ஒரு கடைசி வாய்ப்பு கிடைத்தது. மருத்துவர்கள் சூழ்ந்து நிற்க, மாற்று வீரர் களமிறங்கிவிட்டார். அந்நேரம் கிளீவ்லாந்து இடைவேளை கேட்க, ஸ்டாஃபர்ட் மருத்துவர்களைத் தாண்டி உள்ளே ஓடினார். ஒரு யார்டு தூரத்துக்கு எறிந்தார், பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன். 38-37. தொங்கிய தோளோடு அவர் நடந்துவந்த காட்சியை டெட்ராய்ட்டில் இன்றும் போட்டுப் பார்ப்பார்கள்.

12 பருவங்களில் அவர் லயன்ஸுக்காக 45,109 யார்டுகள் எறிந்தார், 282 டச்டவுன்கள். மூன்று முறை, பட்டத்துக்கான வெளியேற்றுச் சுற்றான பிளேஆஃபுக்குப் போனார். மூன்றிலும் முதல் ஆட்டத்திலேயே தோல்வி. அப்போதே வாதம் தொடங்கிவிட்டது. ஓடுவதற்கு ஆளில்லை, தடுப்பாட்டம் ஓட்டை, பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், இவரை வீணடிக்கிறார்கள் என்றது ஒரு தரப்பு. வலுவான அணிகளிடம் தோற்பவர், தோற்றுக்கொண்டிருக்கும்போது புள்ளிவிவரம் சேர்ப்பவர் என்றது மறுதரப்பு. இரண்டுக்கும் சான்று இருந்ததுதான் சிக்கல். பாரி சாண்டர்ஸ் 1999-இலும் கால்வின் ஜான்சன் 2016-இலும் தெம்பிருக்கும்போதே ஓய்வு பெற்று வெளியேறியதைப் பார்த்த ஊர் இது. மூன்றாவது ஒருவரும் இங்கேயே தேய்ந்துபோக வேண்டுமா என்ற குற்றவுணர்வு முதல் தரப்புக்கு வலு சேர்த்தது.

ராம்ஸின் கணக்கு

ஜாரெட் காஃபும் 2016 டிராஃப்டின் முதல் தேர்வுதான். அவரைப் பிடிக்க ராம்ஸ் டென்னஸி அணிக்குப் பல தேர்வு உரிமைகளை வாரிக் கொடுத்திருந்தது. முதல் பருவத்தில் தொடங்கிய ஏழு ஆட்டங்களிலும் தோல்வி. 2017-இல் 30 வயது ஷான் மக்வே தலைமைப் பயிற்சியாளராக வந்ததும் நிலைமை மாறியது. 2018 பருவத்தில் அணி இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் வரை போய் நியூ இங்கிலாந்திடம் 13-3 என்று தோற்றது. அடுத்த ஆண்டு காஃபுக்கு 13.4 கோடி டாலர் நீட்டிப்பு ஒப்பந்தம். மை காய்வதற்குள் அவர்மேல் மக்வேக்கு நம்பிக்கை போய்விட்டது. 2020 இறுதியில் கட்டைவிரல் முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட சில நாள்களிலேயே களமிறங்கி சியாட்டிலுக்கு எதிரான பிளேஆஃப் வெற்றிக்கு உதவியவர் காஃப். அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை.

அந்த ஜனவரியில் ஸ்டாஃபர்ட்டும் மக்வேயும் மெக்சிகோவின் காபோ சான் லூகாஸ் கடற்கரை ஊரில் ஒரே நேரத்தில் விடுமுறையில் இருந்தார்கள். அங்கேயே சந்தித்துப் பேசியது முடிவைத் துரிதப்படுத்தியது. லயன்ஸின் பொது மேலாளராக அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த பிராட் ஹோம்ஸ், அதுவரை ராம்ஸில் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவின் தலைவர். காஃபை ராம்ஸ் தேர்ந்தெடுத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. காஃபை உள்ளும் புறமும் அறிந்த ஒருவரே அவரை வாங்கினார் என்பதை அன்று டெட்ராய்ட் ரசிகர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய சம்பளத்தைச் சுமக்க ஒப்புக்கொண்டதற்குக் கூலிதான் இரண்டாவது முதல் சுற்றுத் தேர்வு, காஃப் ஓரிரு ஆண்டு இடத்தை நிரப்பும் ஆள் என்பதே பொதுவான பேச்சு. அணிகளுக்கான சம்பள உச்சவரம்பு பெருந்தொற்றால் அந்த ஆண்டு 18.25 கோடி டாலராகக் குறைந்திருந்தது. போய்விட்ட காஃபின் பெயரில் ராம்ஸ் அதில் 2 கோடிக்கும் மேல் ஒதுக்கவேண்டி வந்ததால், அவர்கள் எவ்வளவு அவசரத்தில் இருந்தார்கள் என்பது விளங்கும்.

முதல் தீர்ப்பு

2021 பருவம் ராம்ஸ் பக்கம் தெளிவாகச் சாய்ந்தது. ஸ்டாஃபர்ட் 41 டச்டவுன்கள் எறிந்தார். 17 முறை எதிரணியிடம் பந்தைப் பறிகொடுத்ததும் உண்டு. 2022 பிப்ரவரி 13 அன்று சூப்பர் பௌலில், தங்கள் சொந்த மைதானத்திலேயே, சின்சினாட்டியை 23-20 என்று ராம்ஸ் வென்றது. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லாதபோது கூப்பர் கப்புக்கு ஒரு யார்டு டச்டவுன் எறிந்து முன்னிலை தந்தவர் ஸ்டாஃபர்ட். வெற்றி ஊர்வலத்தில் பொது மேலாளர் லெஸ் ஸ்னீட், தேர்வு உரிமைகளைக் கெட்ட வார்த்தையில் கேலிசெய்யும் சட்டை அணிந்து வந்தார்.

டெட்ராய்ட்டில் அந்த இரவு நடந்தது விளையாட்டு உலகில் அபூர்வம். இரு ஊர்ப் பெயர்களையும் சேர்த்து ‘டெட்ராய்ட் ராம்ஸ்’ என்று அச்சிட்ட சட்டைகள் விற்றன. தங்களை விட்டுப் போனவர் வென்றதை ஊரில் பாதிப் பேர் கொண்டாடினார்கள். மற்றவர்களுக்கோ இது அவமானம்: இந்த ஊரை விட்டுப் போன ஒரே ஆண்டில் கோப்பை கிடைக்கிறதென்றால் கோளாறு எங்கே என்று உலகமே பார்த்துவிட்டதே என்ற எரிச்சல். காஃபோ, புதிய பயிற்சியாளர் டேன் கேம்பலின் கீழ் முதல் 11 ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லாத அணியில் இருந்தார். டிசம்பர் 5 அன்று மினசோட்டாவுக்கு எதிராகக் கடைசி நொடியில் அமோன்-ரா செயின்ட் பிரவுனுக்கு எறிந்த டச்டவுன்தான் அந்தப் பருவத்தின் முதல் வெற்றி. பருவ முடிவில் 3 வெற்றி, 13 தோல்வி, 1 சமன்.

இரண்டு அணிகளைப் பின்தொடர்ந்த ஆண்டு

டிராஃப்டில், முந்தைய பருவத்தைக் கீழே முடித்த அணிக்கே முதலில் தேர்வு. ஆகவே அடுத்த அணியின் தேர்வு உரிமையைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த அணி தோற்கத் தோற்க ஆதாயம். 2022-இல் டெட்ராய்ட் ரசிகர்கள் ஞாயிறுதோறும் இரண்டு ஆட்டங்களைப் பார்த்தார்கள்: லயன்ஸ் வெல்கிறதா, ராம்ஸ் தோற்கிறதா. ராம்ஸ் கைவிடவில்லை. காயங்கள் அணியைக் குலைத்தன, ஸ்டாஃபர்ட்டும் பருவத்தின் பிற்பகுதியில் ஆடவில்லை. 5-12 (வெற்றி-தோல்வி); நடப்புச் சாம்பியன் ஒன்று ஒரே பருவத்தில் அத்தனை ஆட்டங்களைத் தோற்றது அதுவே முதல்முறை.

வேடிக்கை கடைசி நாளில். 1-6 என்று தொடங்கிய லயன்ஸ் மீண்டெழுந்து பிளேஆஃப் வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே நுழைய, சியாட்டிலை ராம்ஸ் தோற்கடிக்க வேண்டும். பருவம் முழுக்க ராம்ஸ் தோற்க வேண்டும் என்று வேண்டியவர்கள் அன்று ஒருநாள் வெல்ல வேண்டும் என்று வேண்டினார்கள். கூடுதல் நேரத்தில் ராம்ஸ் 19-16 என்று தோற்றது. தங்களுக்கு வழி அடைபட்டது தெரிந்த பின்னும் லயன்ஸ் அன்றிரவு கிரீன் பே போய் அந்த ஊர் அணியை 20-16 என்று வீழ்த்தி 9-8-இல் முடித்தது. ராம்ஸின் தோல்வியால் கிடைத்தது 2023 டிராஃப்டின் 6-ஆம் தேர்வு.

அந்த ஆறாம் இடத்தில் குவார்ட்டர்பேக்கை எடுக்க வேண்டுமா என்பதே அடுத்த சண்டை. ஹோம்ஸ் எடுக்கவில்லை. 6-ஐ அரிசோனாவுக்குக் கொடுத்து 12, 34 உள்ளிட்ட தேர்வுகளை வாங்கினார். 12-இல் ஓட்டக்காரர் ஜமீர் கிப்ஸ், 34-இல் சாம் லபோர்ட்டா. ஓட்டக்காரருக்கு இவ்வளவு உயர்ந்த இடமா என்று அன்று விமர்சகர்கள் கிழித்தார்கள். இருவரும் முதல் பருவத்திலேயே அணியின் தூண்களானார்கள். முந்தைய ஆண்டு கிடைத்த 32-ஆம் தேர்வும் வேறு தேர்வுகளோடு சேர்ந்து ஜேம்சன் வில்லியம்ஸாக மாறியிருந்தது.

2024 ஜனவரி 14

2023-இல் லயன்ஸ் 12-5. 1993-க்குப் பிறகு முதல்முறையாகப் பிரிவுப் பட்டம். பிளேஆஃப் முதல் ஆட்டத்துக்கு டெட்ராய்ட் வந்த எதிரணி ராம்ஸ். எழுத்தாளன் இப்படி எழுதினால் செயற்கை என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

2002-இல் திறந்த ஃபோர்டு ஃபீல்டு மைதானத்தில் லயன்ஸ் ஆடிய முதல் பிளேஆஃப் ஆட்டம் இதுவே. முந்தைய வாரம் முழுக்க ஊரில் ஒரே பேச்சு: ஸ்டாஃபர்ட்டுக்குக் கைதட்டுவதா, கூச்சலிடுவதா? அவர் பெயர் பொறித்த சட்டையோடு உள்ளே வரக்கூடாது என்று ஒரு மதுக்கூடம் தடைபோட்டது. 12 ஆண்டு உழைத்தவருக்கு இது மரியாதையா என்று மூத்த ரசிகர்கள் கேட்டார்கள். ஆட்டத்துக்கு முன் அவர் பயிற்சிக்கு வந்தபோது பதில் கிடைத்தது. அரங்கமே கூச்சலிட்டது, ‘ஜாரெட் காஃப்’ என்று முழங்கியது. கூச்சலில் வெறுப்பைவிட வேறொன்று இருந்ததாகவே நான் நினைக்கிறேன். வேண்டாம் என்று தள்ளப்பட்டு வந்தவரை இந்த ஊர் தன்னோடு சேர்த்துப் பார்த்தது. ஸ்டாஃபர்ட் விரும்பிப் போனவர். காஃபுக்கோ, டெட்ராய்ட்டைப் போலவே, யாரும் விருப்பம் கேட்கவில்லை.

ஸ்டாஃபர்ட் 367 யார்டுகள் எறிந்து நன்றாகவே ஆடினார். காஃப் 27-இல் 22 பந்துகளைச் சேர்த்தார். கடைசியில் செயின்ட் பிரவுனுக்கு எறிந்த 11 யார்டு பந்து ஆட்டத்தை முடித்துவைத்தது. 24-23. 1992 ஜனவரிக்குப் பிறகு லயன்ஸின் முதல் பிளேஆஃப் வெற்றி. உடைமாற்றும் அறையில் கேம்பல் ஆட்டப் பந்தைக் காஃபிடம் தந்து, டெட்ராய்ட்டுக்கு நீ போதும் என்ற பொருளில் சொன்னது அடுத்த நாள் ஊர் வாசகமானது. கூடைப்பந்து, பனி ஹாக்கி அரங்குகளிலும் ‘ஜாரெட் காஃப்’ முழக்கம் கேட்டது.

அதே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 24-7 என்ற முன்னிலையைக் கோட்டைவிட்டு 34-31 என்று தோற்றதும், ‘அதே பழைய லயன்ஸ்’ என்ற நெடுநாள் புலம்பல் மறுபடி தலைதூக்கியது. 2024-இல் 15-2 என்று ஆடி முதல் பிளேஆஃப் ஆட்டத்திலேயே வாஷிங்டனிடம் விழுந்தபோது இன்னும் உரக்கக் கேட்டது. அந்த ஆண்டு மே மாதம் காஃப் 21.2 கோடி டாலருக்கு நீட்டிப்பு ஒப்பந்தம் போட்டிருந்தார்.

ஒப்பீடுகள்

ஜோ மாண்டானாவை 1993-இல் சான் ஃபிரான்சிஸ்கோ கான்சாஸ் சிட்டிக்கு அனுப்பியபோது அந்த ஊரும் இப்படிப் பிளந்தது. ஸ்டீவ் யங் அடுத்த ஆண்டுப் பருவத்தில் சூப்பர் பௌல் வென்ற பிறகே சண்டை ஓய்ந்தது. 2022-இல் சியாட்டிலின் ரஸ்ஸல் வில்சனுக்காக இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளும் மூன்று வீரர்களும் உட்படப் பெருவிலை கொடுத்த டென்வர், இரண்டே பருவங்களில் அவரை விடுவித்தது. அங்கே வாதத்துக்கே இடமில்லை. சியாட்டில் லாபம், டென்வர் நஷ்டம்.

ஸ்டாஃபர்ட்–காஃப் விஷயத்தில் அப்படி ஒற்றைப் பதில் கிடையாது. இரு தரப்பும் கேட்டதைப் பெற்றன என்ற சமாதானம் பெரும்பாலும் டெட்ராய்ட்டிலிருந்துதான் வருகிறது. அது பொய்யல்ல. நீண்டகால அணி ஒன்றைக் கட்டியது லயன்ஸ்தான். ஆனால் ராம்ஸ் வாங்கப் போனது கோப்பை. அதை ஓராண்டுக்குள் வாங்கிவிட்டது. அந்தக் கணக்கில் ராம்ஸ் முந்தியே நிற்கிறது. 1957-க்குப் பிறகு பட்டம் காணாத லயன்ஸ், 2024 பருவம் முடிய ஒரு சூப்பர் பௌலில்கூட ஆடியதில்லை.