ஆறு வாரம் பலகையில்

1981-ல் எங்கள் அலுவலகப் பதிவறையில், கீழ்த்தட்டிலிருந்த பழைய ஃபைல் கட்டு ஒன்றைத் தூக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. இரண்டு பியூன்கள் கைத்தாங்கலாக ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டில் சேர்த்தார்கள்.

டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் இடது காலை மெல்லத் தூக்கினார். பாதி உயரம் வருவதற்குள் இடுப்பிலிருந்து குதிகால்வரை மின்சாரம் பாய்ந்தது. சீட்டில் 'லசேக்' என்று எழுதினார். பிரெஞ்சில் படித்தவனாதலால், அது ஒரு பிரெஞ்சுக்காரர் பெயர் என்று அந்த வலியிலும் தெரிந்தது. லசேக் பாரிஸ் டாக்டர். இந்தச் சோதனையை அவர் பெயரால் தன் ஆய்வேட்டில் எழுதிவைத்தவர் மாணவர் ஃபோர்ஸ்ட், 1881-ல். சரியாக நூறு வருஷம் கழித்து என் காலில்!

வைத்தியம்: மரப்பலகையில் ஆறு வாரம் படுக்கை. அந்த ஆறு வாரத்துக்குள்தான் இலாகா தேர்வு வந்து போனது. என் பதவி உயர்வும் அதோடு போனது. அதே சமயம் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாளுக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. சம்பளத்தோடு லீவு ஏது? ஐந்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். பலகையில் படுத்தபடி அவருக்காகப் பரிதாபப்பட்டேன்.

ஓய்வுபெற்ற பிறகுதான் இந்தப் படுக்கை வைத்தியம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். லண்டன் சர்ஜன் ஜான் ஹில்டன் 1863-ல் ஓய்வே மருந்து என்று ஒரு புத்தகம் போட்டார். லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் அசையாத, நீண்ட ஓய்வை வற்புறுத்தினார். எலும்பு முறிவுக்கு அது சரிதான். 1934-ல் பாஸ்டன் டாக்டர்கள் மிக்ஸ்டரும் பாரும், முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்கு வலி இறங்குகிறது என்று காட்டினார்கள். பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அதன்பின் முதுகுவலி என்றாலே 'டிஸ்க்' என்றாகிவிட்டது. முதுகே வலிக்காத 98 பேருக்கு அமெரிக்காவில் எம்.ஆர்.ஐ. எடுத்து 1994-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு டிஸ்க் புடைத்திருந்தது!

படுக்கையைச் சோதித்துப் பார்க்கவும் வெகுகாலம் யாருக்கும் தோன்றவில்லை. 1986-ல் ரிச்சர்ட் டேயோ குழுவினர் சிலரை இரண்டு நாளும் சிலரை ஏழு நாளும் படுக்கச் சொன்னார்கள். குணத்தில் வித்தியாசமில்லை, இரண்டு நாள்காரர்களுக்கு வேலை இழப்புதான் 45 சதவீதம் குறைவு. 1995-ல் பின்லாந்திலிருந்து வந்த ஆய்வு என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேர். நம்ம ஜாதி, சம்பளப் பட்டியல் ஜாதி. சிலருக்கு இரண்டு நாள் படுக்கை, சிலருக்குப் பயிற்சி. மற்றவர்களுக்கு, வலி விடும் அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பாருங்கள் என்ற யோசனை மட்டும். சீக்கிரம் தேறியவர்கள் இந்த மூன்றாவது கூட்டம். கடைசியில் தேறியது படுத்தவர்கள்.

எங்கள் வீட்டு அம்மாள் 1981-லேயே மூன்றாவது கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்.

ஒன்று மட்டும்: முதுகுவலியோடு கால் பலம் குறைந்தாலோ, மூத்திரம், மலம் கட்டுக்குள் இல்லாமல் போனாலோ, இதையெல்லாம் படித்துக்கொண்டிராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது வேறு கேஸ்.