கேதுருவைக் காத்த மதில்



தமிழ் பைபிளில் 'கேதுரு' என்று ஒரு மரம் வருவதைச் சிலர் படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் சீடர் என்பது அதுதான். ஆனால் சீடர் என்ற பெயரில் விற்கும் மரமெல்லாம் கேதுரு அல்ல. பென்சில் செய்யப் பயன்பட்ட சிவப்பு சீடர்கூட ஜூனிபர் இனம்தான். அசல் கேதுருக்கள் நான்கு: லெபனான், சைப்ரஸ், வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் ஆகிய இடங்களின் கேதுருக்கள், நம் இமயமலைத் தேவதாரு. சைப்ரஸ் மரத்தை லெபனான் மரத்தின் உள்வகை என்பாரும் உண்டு.

லெபனான் கேதுரு வாசனை மிக்கது. அதிலுள்ள எண்ணெய்ப்பசையால் எளிதில் உளுக்காது, பூச்சி அரிக்காது. எகிப்தின் பெரிய பிரமிடுக்கு அருகே 1954-இல் கிடைத்த கூஃபு மன்னரின் கப்பல், சுமார் 43 மீட்டர் நீளம். பெரும்பாலும் கேதுருப் பலகையால் ஆன அது, 4,500 ஆண்டுகள் மண்ணுக்குள் தாக்குப்பிடித்தது. எருசலேமில் சாலொமோன் கட்டிய ஆலயத்துக்கும் லெபனானிலிருந்தே மரம் போனதாக பைபிள் சொல்கிறது.

இந்த நல்ல குணமே மரத்துக்கு வினையானது. ஆட்சிகள் மாறினாலும் வெட்டு நிற்கவில்லை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஹாட்ரியன், நான்கு வகை மரங்கள் அரசருக்கு உரியவை, மற்றவை மக்களுக்கு என்று லெபனான் மலைப் பாறைகளில் பொறிக்கச் செய்தார். நம் வளாகத்துப் 'பொது இடம்' பலகை போலத்தான்! அந்தக் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. காடுதான் இல்லை.

காரணம் கோடாரி மட்டுமல்ல, ஆடும்தான். கேதுரு காய்க்கவே பல பத்தாண்டுகள் ஆகும். விழுந்த விதை முளைத்தால், குருத்தை ஆடு மேய்ந்துவிடும். கிழட்டு மரங்கள் நிற்கும்; அடுத்த தலைமுறை இருக்காது. இதைத் தடுக்கத்தான் 1876-இல், பிரிட்டிஷ் அரசி விக்டோரியா கொடுத்த பணத்தில், பிஷாரி ஊருக்கு மேலுள்ள தோப்பைச் சுற்றிக் கல்மதில் எழுந்தது. லெபனான் 1943-இல் கேதுருவைத் தன் கொடியில் வைத்தது. அந்தத் தோப்பு 1998-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

நம் வளாகத்தில் கேதுரு நட ஆசைப்படாதீர்கள். அதற்குக் குளிர்காலமும், தண்ணீர் தேங்காத மலைச்சரிவும் வேண்டும். நம் சமவெளி வெயிலுக்கு வேம்பும் புங்கையுமே ஏற்றவை.

சென்ற மழைக்காலத்தில் சுற்றுச்சுவரை ஒட்டி நட்ட புங்கங்கன்றுகளைப் பாருங்கள். சில, கார் பின்னால் எடுக்கும்போது சக்கரத்தில் சிக்கி ஒடிந்துவிட்டன. இங்கே ஆடு இல்லை, நம் வண்டிகள்தான் ஆடு. பெரிய வேம்பை வெட்டக்கூடாது என்று பொதுக்குழுவில் வாதாடும் நாம், இந்தக் கன்றுகளுக்கும் கூண்டு வைப்போம். வாரம் இரண்டு முறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற, உங்கள் பிளாக்கிலிருந்து யார் வருகிறீர்கள்?