யோ-யோ தேர்வு: வீரர்களின் உடற்தகுதி அளவிடப்படுவது எப்படி?

இந்திய கிரிக்கெட் வீரர்களின் உடற்தகுதியை அறிய நடத்தப்படும் 'யோ-யோ' தேர்வை உருவாக்கியவர், டென்மார்க்கைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் ஜென்ஸ் பேங்ஸ்போ.

இத்தேர்வில், 20 மீட்டர் இடைவெளியுள்ள இரு கோடுகளுக்கு இடையே, ஒலிக் குறிப்புக்கு ஏற்ப வீரர் ஓடித் திரும்ப வேண்டும். ஒவ்வொரு 40 மீட்டருக்குப் பின்னரும் 10 விநாடி இடைவேளை உண்டு. மணிக்கு 10 கிலோமீட்டரில் தொடங்கும் வேகம் படிப்படியாக உயரும். இருமுறை பின்தங்கினால் தேர்வு முடிவடையும்.

2018-ஆம் ஆண்டில் இந்திய அணிக்கான தேர்ச்சி அளவு 16.1 ஆகும், அதாவது மொத்தம் 1,120 மீட்டர் ஓட்டம். அவ்வாண்டு ஜூனில் இதனை எட்டாததால், ஆந்திரப் பிரதேசத்தின் குண்டூரில் பிறந்த அம்பத்தி ராயுடு இங்கிலாந்து ஒருநாள் தொடர் வாய்ப்பை இழந்தார். பின்னர் தேர்ச்சி பெற்று, செப்டம்பரில் நடைபெற்ற ஆசியக் கோப்பையில் விளையாடினார்.

வீரர்களை நீக்குவது மட்டுமே தேர்வின் நோக்கமன்று. ஒரு வீரரின் முந்தைய அளவுடன் புதிய அளவை ஒப்பிடும் விளையாட்டு அறிவியலாளர்கள், சரிவுக்குக் காரணம் சோர்வா, காயமா, பயிற்சிக் குறைவா என ஆராய்ந்து, பயிற்சியின் அளவை மாற்றியமைக்கின்றனர்.

சமதளம், அளவுநாடா, அடையாளக் கூம்புகள், ஒலிப்பதிவு ஆகியவையே தேவை என்பதால், சித்தூர், திருப்பதி மாவட்டப் பள்ளி மைதானங்களிலும் இத்தேர்வை நடத்த இயலும். எனினும், களைத்து நிற்கும் வரை ஓட வேண்டியிருப்பதால், மாணவர்களுக்கு முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை செய்வது அவசியம்.