எலுமிச்சம்பழமும் புது வண்டியும்

எண்ணூரும் திருவொற்றியூரும் வண்டிகள் பிறந்த ஊர்கள். 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிற்று. திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்கத் தொடங்கியதும் அந்த ஆண்டுகளில்தான்.

அன்று வாங்கிய வண்டி பிறவிக் கோளாறோடு வந்தால் என்ன கதி? கையில் இருந்தது 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. சரக்கை ஏற்றுக்கொண்டுவிட்டால் பொதுவாக அதைத் திருப்பித் தள்ளும் உரிமை போய்விடும். நஷ்ட ஈடு கேட்கும் உரிமைதான் மிஞ்சும். அதற்கும் சிவில் கோர்ட்டுப் படி ஏற வேண்டும். சாமானியன் ஏறுவானா?

அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டியை ‘எலுமிச்சம்பழம்’ என்பார்கள். நாம் புது வண்டிச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்குகிறோமே, அதே பழம்தான்! 1982-இல் கனெக்டிகட் மாகாணம் அதற்கென்று முதல் சட்டம் செய்தது. ஒரே கோளாறை 4 தடவை பார்த்தும் தீரவில்லையா, வண்டி மொத்தம் 30 நாள் பட்டறையில் கிடந்ததா? மாற்று வண்டி கேட்க வழி பிறந்தது.

நம் நாட்டில் இந்தக் கணக்கு இல்லை. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டமும், குறையை நீக்கு, புதியது கொடு, அல்லது பணத்தைத் திருப்பு என்று உத்தரவிடும் அதிகாரத்தைத் தந்தன. ஆனால் 2006-இல் மாருதி கார் வழக்கொன்றில், உத்தரவாதப் பத்திரம் சொல்வது பழுதான பாகத்தை மாற்றுவதைத்தான் என்று காட்டி, முழுக் காரையும் மாற்றச் சொன்ன உத்தரவைச் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. கிளச்சு கெட்டால் கிளச்சு, கார் அல்ல!

காசிமேட்டில் மீன் ஏற்றும் குட்டி யானைக்காரரும், துறைமுக வாசலில் இரவெல்லாம் காத்திருக்கும் லாரிக்காரரும் இன்னொன்றை அஞ்சலாம்: “வியாபாரத்துக்கு வாங்கியவன் நுகர்வோர் அல்லன்” என்று விரட்டிவிடுவார்களோ என்று. 1993-இல் சேர்த்த விளக்கம் அவர்களைக் காத்தது. சுயதொழிலால் பிழைக்க வாங்கியவரும் நுகர்வோரே. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கியவரின் வழக்கு 1995-இல் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றது. ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோவோ லாரியோ வாங்குபவர் நுகர்வோர்தான் என்று அதே தீர்ப்பு சொல்லிற்று. தோற்ற வழக்கில் கிடைத்த வரம்!

2019-இல் மோட்டார் வாகனச் சட்டமும் திருத்தப்பட்டது. ஆபத்தான குறைக்காகச் சர்க்கார் ஒரு ரக வண்டிகளைத் திரும்பப் பெறச் சொன்னால், தயாரித்தவர் விலையைத் தர வேண்டும். அல்லது வேறு வண்டி தர வேண்டும். அல்லது பழுது நீக்கித் தர வேண்டும்.

நான் சட்டம் படித்தவன் அல்லேன், கதை எழுதுகிறவன். கதையிலும் வழக்கிலும் சாட்சிதான் முக்கியம் என்பது மட்டும் தெரியும். ஒவ்வொரு முறை பட்டறைக்கு விடும்போதும் ஜாப் கார்டில் கோளாறை எழுதச் சொல்லி வாங்கி வையுங்கள். ராயபுரத்துக்காரர் இப்போது விற்றவரின் ஊரைத் தேடி அலைய வேண்டாம். தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். நின்ற வண்டிக்கும் தவணை மாதாமாதம் நிற்காமல் வரும். அந்தத் தாள்களையாவது பத்திரமாக வைத்திருப்போம்.